வேங்கைப் பலகையும் ஆறு வெள்ளை வேட்டியும்

ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். எழுந்து எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மலைச்சரிவைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். “என்ன காத்து, என்ன காத்து!” என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

ஆறு வெள்ளை வேட்டி. ஆறிலும், உட்காரும் இடத்தில், நல்ல கெட்டி மஞ்சள். அவர்கள் உட்கார்ந்திருந்த மரத்தளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நான் விட்டிருந்த சந்துகூட அந்த மஞ்சளில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. ஒரு கோடும் வளையவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ‘ஆறு வேட்டியிலும் ஒரே அளவாக விழுந்திருக்கிறதே, எவ்வளவு நேர்த்தியாகப் பலகை பதித்திருக்கிறோம்!’ என்று மனசு துள்ளியது. பிறகுதான் நடுவில் நிற்கும் வேட்டி யாருடையது என்பது உறைத்தது.

அது காரவள்ளி வையாபுரி அண்ணாரின் வேட்டி. நான் கட்ட ஆசைப்பட்ட பாவாயியின் அப்பா. என்னை மாப்பிள்ளை பார்க்க, அடிவாரத்திலிருந்து மூச்சிரைக்க மலை ஏறி வந்தவர். இன்னும் அவர் தன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

அவர் பார்ப்பதற்குள், இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோணல் பலகை

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு இருக்கும். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன வாரம் தேர்ச் சக்கர வேலையில் உளியைத் தொலைத்துவிட்டு நான் ஊரெல்லாம் தேடிய கதையைப் படித்திருப்பீர்கள். அதற்கு அடுத்த வருஷம். உழுகிற குடும்பத்தில் பிறந்து உளி பிடிக்கப் போனவன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் கைவிட்டிருந்த காலம். ‘செங்கோடன் மேஸ்திரி’ என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் நானே சொல்லிக் கொடுத்துக் கூப்பிட வைத்தவர்கள்.

வையாபுரி அண்ணாரிடம் மூன்று மாட்டு வண்டிகள் இருந்தன. மலை அடிவாரத்துக்கு வரும் சாமான்கள் எல்லாம் அவர் வண்டியில்தான் வரும். ஒரு நாள் ராசிபுரத்திலிருந்து நான் வாங்கி வந்த பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் பாவாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தாள். ஒரு பலகையைக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இது பலகைங்களா, இல்ல பாம்புங்களா? இந்தப் பக்கம் தல, அந்தப் பக்கம் வாலு!”

அவ்வளவுதான். பத்து வருஷம் தொழில் பழகியவன், ஒரு கோணல் பலகையைப் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன். அவள் ஒரு கண்ணை மூடிய நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று தோன்றிவிட்டது. அன்று மாலை வரை காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

ஊரே அவரை அண்ணார் என்றதால் நானும் அப்படியே சொல்வேனே தவிர, தூரத்து உறவில் எனக்கு அவள் முறைப்பெண்தான். ஆனாலும் வையாபுரி அண்ணார் பிடி கொடுக்கவில்லை. அவருக்கு ராசிபுரத்து நெய் வியாபாரி மகன் மேல் ஒரு கண். “மேஸ்திரி மலை மேல போட்டிருக்காராமில்ல ஏதோ வேலை. அதை முடிக்கட்டும். மாப்பிள்ளை ஊடு பாக்கப் போற மாதிரி நாங்க போய் அந்த வேலையைப் பாக்குறோம். அப்புறம் பேசிக்கலாம்” என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எனக்கு வீடு என்று ஒன்று இல்லாததால் இந்த ஏற்பாடு.

ஆக, என் கல்யாணம் அந்த வேலையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

வெறுங்கால் காப்பி

வேலை இதுதான். ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜ், கொல்லிமலையில் பங்களா கட்டியிருந்தார். அவர் மனைவியை எல்லோரும் ஜட்ஜம்மா என்போம். காலையில் எழுந்ததும் மலை விளிம்பில் வெறுங்காலோடு உலாவிக்கொண்டே காப்பி குடிக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஒரே ஆசை. முதலில் கருங்கல் பாவிய தளம் போட்டார்கள். சித்திரை வெயிலில் அது கால் வைக்க விடவில்லை. அந்த அம்மாள் ஒரு காலில் குதித்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடி வந்ததை நானே பார்த்தேன். காப்பி மட்டும் சிந்தவில்லை.

“மேஸ்திரி, மரத்துல போட்டுடு. வெயிலுக்குச் சுடக் கூடாது, மழைக்கு அழுகக் கூடாது, என் காலுல சிராய் ஏறக் கூடாது” என்றார். கூரை இல்லாத மரத்தளம். வெயிலும் மழையும் நேராக அதன் தலையில். அதுவரை நான் செய்ததெல்லாம் கதவு, நிலை, கட்டில். எல்லாமே வீட்டுக்குள் நிழலில் சொகுசாக இருக்கிற சாமான்கள். ஆனாலும் “ஆகட்டும்மா” என்று உடனே சொல்லிவிட்டேன்.

ஐந்து மரங்களுக்குப் பரீட்சை

இப்போது காரவள்ளியில் பஸ் ஏறினால் எழுபது வளைவுகளைச் சுற்றி மேலே போய் இறங்கலாம். அன்று ஒற்றையடிப் பாதைதான். கீழேயிருந்து தேக்கைத் தலையில் சுமந்து ஏற்றுவதென்றால் பாதி மலையிலேயே ஆட்கள் ஓடிவிடுவார்கள். மலையில் இருக்கிற மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குத் துணைக்கு வந்தவன் சடையன். அந்த மலையிலேயே பைல்நாட்டுக்காரன், என் வயசு. மரம் அறுப்பான், மிச்ச நேரத்தில் தன் மிளகுக் கொடிகளோடு பேசிக்கொண்டிருப்பான். என்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன்.

நான் ஒரு காரியம் செய்தேன். தேக்கு, பலா, கருமருது, சில்வர் ஓக், வேங்கை என்று ஐந்து மரத்திலும் இரண்டிரண்டு துண்டு எடுத்தேன். ஐந்து துண்டுகளைக் கறையான் புற்றின் மேல் வைத்தேன். மற்ற ஐந்தை, பங்களாவின் சுண்ணாம்பு அடித்த பின்சுவரில், வெயிலும் மழையும் படும்படி சாய்த்து வைத்தேன். தினமும் போய்ப் பார்ப்பேன்.

“ஏனுங்க மேஸ்திரி, இன்னைக்கு எந்தப் பையன் பாஸுங்க?” என்பான் சடையன்.

சில்வர் ஓக் முதல் மாதமே கறையானுக்கு விருந்தானது. பலா நன்றாகத்தான் படித்தது. வெயிலில் முகத்தைப் பிளந்துகொண்டது. கருமருதைக் கறையான் தொடவில்லை. ஆனால் அது தானாகவே முறுக்கிக்கொண்டு, பாவாயி சொன்ன பாம்பாகிவிட்டது. அதைப் பார்த்தாலே எனக்கு அவள் ஞாபகம் வந்து வேலை ஓடவில்லை. தேக்கு பாஸ். வேங்கையும் பாஸ். ஜட்ஜின் பட்டா நிலத்திலேயே காற்றில் சாய்ந்த வேங்கை ஒன்று ஒரு வருஷமாகக் கிடந்தது. முடிந்தது விஷயம்.

ஒன்றை மட்டும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். வேங்கைத் துண்டைச் சாய்த்திருந்த இடத்தில், சுண்ணாம்புச் சுவரில் ஒரு மஞ்சள் கோடு வழிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்து, ‘எலி வேலை’ என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த எலியை ஒரு வாரம் தேடினேன்கூட.

மிளகு இடைவெளி

குழி தோண்டி, ஒருவன் மேலே ஒருவன் கீழே நின்று ரம்பம் இழுத்துப் பலகை அறுத்தோம். சடையன் மேலே, நான் கீழே. சாயங்காலம் குழியிலிருந்து வந்தால் என் புருவம்வரை மரத்தூள் படிந்திருக்கும்.

எங்கள் பட்டறையில், இரண்டு பலகைக்கு நடுவில் ஊசி நுழைந்தால் அவன் மேஸ்திரி இல்லை. அந்தத் திமிரில் முதல் நாலு பலகைகளை இடைவெளியே விடாமல் இறுக்கி அடித்தேன். சடையன் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மழையும் சேர்ந்துகொண்டது. காலையில் பார்த்தால் பலகைகள் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளிக்கொண்டு, நடுவில் முதுகைத் தூக்கி நின்றன.

“அதுக்கும் மூச்சு விட எடம் வேணுமில்லீங்க” என்றான் சடையன்.

சரி, இடைவெளி விடுவோம். எத்தனை விடுவது? எல்லா இடத்திலும் ஒரே அளவாக எப்படி விடுவது? குச்சி செருகினேன், ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. சடையன் மடியிலிருந்து காய்ந்த மிளகை ஒரு பிடி எடுத்தான். சல்லடையில் சலித்து ஒரே பருமனாகப் பொறுக்கினான். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் மேலும், முன்னால் போட்ட பலகையை ஒட்டி ஒரு மிளகை வைத்தான். அடுத்த பலகையை அதோடு மெல்ல அணைத்துத் திருகாணியை முடுக்கினோம். சந்து, மிளகுக்கு மிளகு சமமாக வந்தது. எனக்கு வந்த ஆனந்தத்தில் அவனைத் தூக்கிச் சுற்றினேன். அவன் என்னைவிடக் கனம். இரண்டு பேரும் மரத்தூள் குவியலில் விழுந்தோம்.

ஒரு தொந்தரவு உண்டு. மரச் சுத்தியலால் பலகையைத் தட்டும்போது கொஞ்சம் வேகமாகிவிட்டால் மிளகு நொறுங்கும். நொறுங்கினால் தும்மல். சடையன் தும்ம, நான் தும்ம, வேடிக்கை பார்க்க வந்த ஜட்ஜம்மா தும்ம, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜட்ஜும் தும்மினார். அந்தப் பத்து நாளும் பங்களாவே தும்மிக்கொண்டிருந்தது. விழுந்த மிளகை ஜட்ஜம்மா பொறுக்கி ரசம் வைத்தார். “மரவாசனையோட நன்னாத்தான் இருக்கு” என்றார்.

இந்த இடத்தில், கடிதம் எழுதிக் கேட்டிருக்கும் சேலம் வாசகருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மகன் வீட்டுத் தோட்டத்தில் மரத்தளம் போடுகிறானாம். ஐயா, தூண் மண்ணைத் தொடக் கூடாது. கருங்கல் மேல் நிற்கட்டும். வேங்கைக்கு இரும்பு ஆணி ஆகாது; ஆணியைச் சுற்றிக் கறுத்துப் போகும். பித்தளைத் திருகாணி போடுங்கள். அறுத்த முனைகளில் எண்ணெயை இரண்டு தரம் ஊட்டுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். மழைக்காலம் போனதும், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆசைப்பட்டு ஊற்றினால் காயாது. நான் ஊற்றினேன். ஜட்ஜம்மாவின் பூனை நாலு காலும் ஒட்டிக்கொண்டு தளத்தின் நடுவில் நின்று கத்தியது. சந்தில் சருகு அடையவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புது வேங்கையின் மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கடைசி விஷயத்தைச் சடையன் எனக்கும் சொன்னான். தளம் முடிந்த அன்று சொன்னான்.

“நாலு பெருமழ போகட்டுங்க. அதுக்கப்புறம் ஆளை உக்கார வெய்ங்க.”

நான் அதை மலைக்காரர்களின் சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவது மாதிரி ஏதோ ஒன்று. ‘நான் பட்டறையில் படித்தவன், எனக்கா?’ என்ற எண்ணம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

ஜமுக்காளம் வேண்டாம்

ஆவணியில் ஒரு நல்ல நாள். சடையன் மிளகு விற்கச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். நான் விடியற்காலையிலிருந்து தளத்தின் மேல் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் ஏறி வந்தார்கள். ஆறு ஆண்கள், பாவாயியின் அத்தை ஒருவர். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையாகத்தான் வர வேண்டுமாம்.

ஏறும்போது பழைய துணிதான் கட்டியிருந்தார்கள். பங்களாவுக்குக் கீழே ஓடையில் கை கால் கழுவி, தலையில் மூட்டையாகக் கொண்டுவந்த வெள்ளை வேட்டிகளைப் பிரித்துக் கட்டினார்கள். வையாபுரி அண்ணாரின் வேட்டி வெள்ளைக்கு அந்த வட்டாரத்தில் பேர் உண்டு. மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு பொட்டு சேறு படாமல் வீடு திரும்புகிற மனுஷர்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல காரியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். வாசல் தெளிக்க வேண்டாமா? என் வாசல் இந்தத் தளம்தானே! குடத்தைத் தூக்கினேன். ஒரு குடம் ஊற்றினேன். ஐயோ, தண்ணீர் பட்டதும் அந்த வேங்கைக்கு வந்த நிறத்தை எப்படிச் சொல்வேன்! பொன்னும் செம்மையுமாக ரேகை ரேகையாக எழுந்து வந்தது. இன்னொரு குடம். இன்னொன்று. இருபது குடம் ஊற்றினேன். பிறகு சாக்கைப் போட்டுத் துடைத்தேன். சாக்கும் அதே நிறமாக இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜட்ஜம்மா ஒரு பவானி ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

“வேண்டாம்மா. தளத்தைப் பாக்க வந்தவங்களுக்குத் தளத்தை மூடிக் காட்டலாமுங்களா?”

“அது சரி” என்று அவர் ஜமுக்காளத்தைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார். அந்த ஜமுக்காளம் போகிற அழகை நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். ஆறு ஆண்களும் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அத்தை அரக்குச் சேலையோடு ஓரமாக உட்கார்ந்தார்.

“அடேங்கப்பா, என்னமாக் குளுகுளுன்னு இருக்குது!” என்றார் வையாபுரி அண்ணார். மலை ஏறி வந்த சூட்டுக்கு அந்த ஈரப் பலகை இதமாக இருந்திருக்கும். எழுந்திருக்கவே மனசில்லாமல் காப்பி குடித்தார்கள், பலாச்சுளை சாப்பிட்டார்கள், மறுபடியும் காப்பி குடித்தார்கள். அவர் விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தார். சந்தில் சுண்டுவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, பலகையின் நேரைப் பார்த்தார். பாவாயி அந்தப் பார்வையை எங்கே கற்றாள் என்று எனக்குப் புரிந்தது.

“நேராத்தான் இருக்குது” என்றார். நெய் வியாபாரி மகன் ராசிபுரத்தோடு போனான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை வெற்றிலைத் தட்டை எடுத்தார். “அப்புறமென்ன, சொல்லிப்போடுங்கண்ணா” என்றார். அண்ணாரும் தொண்டையைக் கனைத்தார். உட்கார்ந்தபடி சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். எழுந்து, மலைச்சரிவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

பின்னால் நடந்து போனவர்கள்

முதலில் சிரித்தது அத்தை. வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஏனுங்கண்ணா, பொண்ணையே இன்னும் குடுக்கல, அதுக்குள்ள மாப்பிள்ளை உங்களுக்கெல்லாம் மஞ்சத் தண்ணி ஊத்திப்போட்டாரே!”

ஆறு பேரும் ஒருவர் பின்பக்கத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கழுத்தைத் திருப்பித் தங்களுடையதைப் பார்க்க முயன்றார்கள். தளத்தின் மேல் ஆறு பெரிய மனிதர்கள் நாய் தன் வாலைப் பிடிக்கச் சுற்றுகிற மாதிரி சுற்றினார்கள். ஜட்ஜம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளிருந்து வந்த சத்தத்தை நான் தும்மல் என்றுதான் நம்ப வேண்டியிருந்தது.

வையாபுரி அண்ணார் சிரிக்கவில்லை. வேட்டியின் பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பார்த்தார். மஞ்சள் பட்டை, வெள்ளைக் கோடு, மஞ்சள் பட்டை. முகம் சிவந்துவிட்டது.

“ஏனுங்க மேஸ்திரி, என்ற பொண்ணுக்கு நீங்க கட்டுற ஊட்டுலயும் உக்காந்தா இப்படித்தான் ஒட்டுங்களா?”

“இல்லீங்க, எலின்னு நெனச்சனுங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு அது இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும்.

“எதுன்னாலும் சொல்லி அனுப்பறோமுங்க” என்றார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தமிழ்நாட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்பியவர்களை நான் பார்த்ததில்லை.

ஜன்னலில் ஜட்ஜம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆறு பேரும் பங்களாவைப் பார்த்தபடியே, கும்பிட்டுக்கொண்டே, பின்னால் நடந்து படி இறங்கினார்கள். பாதை திரும்பும்வரை அப்படியேதான் போனார்கள். ஒருவர் மட்டும் செடியில் இடறி உட்கார்ந்து எழுந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஒரு மூட்டை மரத்தூள்

சடையன் திரும்பி வந்து கதையைக் கேட்டான். கேட்டுவிட்டு ரம்பக் குழியில் இறங்கி உட்கார்ந்து சிரித்தான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.

“வேங்க ஒரு வருசம் காஞ்சாலும் உள்ள சாயம் இருக்குமுங்க. மழ பேஞ்சு வடிஞ்சாத்தான் போகும். எங்கூட்டுப் புள்ளைங்களுக்கு அதோட பாலுலதான பொட்டு வெக்குறோம்? பொட்டு அழியாத மரம், வேட்டிய உடுமுங்களா?”

இதை முன்னாலேயே விளக்கமாகச் சொல்லக் கூடாதா என்று சண்டை போட்டேன். கேட்டீங்களா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நெய் வியாபாரி மகன் கனவில் வந்து, வெள்ளை வேட்டியோடு ஒரு நெய்க் குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். வேட்டியில் ஒன்றும் ஒட்டவில்லை.

அந்தச் சமயத்தில் சடையன் மிளகு மூட்டையோடு காரவள்ளிக்கு இறங்கினான். இரண்டு நாள் கழித்து வந்தவன் முகம் விசேஷமாக இருந்தது.

“பாவாயி அம்மிணியப் பாத்தேனுங்க. வாய்க்கால்ல நின்னு ஆறு வேட்டியையும் அடிச்சிட்டு இருந்துச்சு. உவர்மண்ணு போட்டுப் பாத்துச்சாம், போகல. சுண்ணாம்பு போட்டுப் பாத்துச்சாம், இன்னும் தூக்கலா ஏறிக்கிச்சாம்.”

“ஏதாவது சொல்லுச்சா?”

“சொல்லுச்சுங்க. உங்க மேஸ்திரிகிட்டச் சொல்லி ஒரு மூட்ட வேங்க மரத்தூள் அனுப்பச் சொல்லுச்சு.”

“எதுக்காம்?”

“அதைச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு.”

ஒரு மனுஷனிடம் மரத்தூள் கேட்டால் அவன் என்ன நினைப்பான்? அடுப்பு எரிக்கவா? என் வேலையெல்லாம் அடுப்புக்குத்தான் லாயக்கு என்கிறாளா? ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாளாமே! சடையனிடம், எப்படிச் சிரித்தாள், வாய் திறந்து சிரித்தாளா, மூடிச் சிரித்தாளா என்று அன்று முழுக்கத் துளைத்தேன். “பல்லு எத்தனைன்னு எண்ணலீங்க” என்றான் கடைசியில். நான் ரம்பக் குழியைச் சுரண்டி, கல்லும் சருகும் இல்லாமல் சலித்து, மிளகு சலித்த அதே சல்லடையில் சலித்து, ஒரு மூட்டை கட்டி அனுப்பினேன். மூட்டையைக் கீழே பிரித்தவர்கள் எல்லோரும் தும்மினார்களாம்.

அப்புறம் மழை பிடித்தது. தளத்திலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. இரண்டாம் மழைக்கு டீ நிறம். மூன்றாம் மழைக்கு வைக்கோல் நிறம். நான் கிண்ணத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். நாலாவது பெருமழைக்கு வெறும் தண்ணீர் வந்தது. ஜட்ஜம்மா குடை பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு உலாவிக் காப்பி குடித்தார். “மேஸ்திரி, சொர்க்கம்!” என்று கத்தினார். எனக்குச் சொர்க்கம் எல்லாம் மலைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது.

மறுபடியும் ஏழு பேர்

ஐப்பசி கடைசியில் வெயில் அடித்த ஒரு நாள். சந்துகளில் சருகைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன். “மேஸ்திரி, கீழ பாருங்க!” என்று சடையன் கூவினான்.

ஏழு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தரம் ஓடையில் நின்று துணி மாற்றவில்லை. கட்டி வந்ததே நல்ல துணிதான். முன்னால் ஆறு ஆண்கள், பின்னால் அத்தை. ஆறு பேர் இடுப்பிலும், கரையிலிருந்து கரைவரை, திட்டு இல்லாமல், கோடு இல்லாமல், ஒரே சீரான மங்கல மஞ்சளில் வேட்டி. பட்டையை எடுக்க முடியாது என்று தெரிந்ததும், பாவாயி என் மரத்தூளைக் கொதிக்க வைத்து ஆறு வேட்டியையும் முழுசாக முக்கி எடுத்திருக்கிறாள். “பாதி மஞ்சளா இருந்தாத்தான அப்பா அசிங்கம். முழுசும் மஞ்சளா இருந்தா அது கல்யாணம்” என்றாளாம் அப்பாவிடம். உடனே அவரே முதல் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார் என்று அத்தை பிற்பாடு சொன்னார்.

அந்த நிமிஷத்தில் இருந்த சந்தோஷம் பிறகு என் வாழ்க்கையில் இரண்டு மூன்று தரம்தான் வந்திருக்கிறது.

படியேறி வந்தார்கள். ஜட்ஜம்மா ஜமுக்காளத்தோடு ஓடி வந்தார். வையாபுரி அண்ணார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். குனிந்து, பலகையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் தேய்த்துப் பார்த்தார்.

“சாயம் இன்னும் போகுமுங்களா?”

“போகாதுங்க, மாமா” என்றேன். அவரை முதல் முதலாக மாமா என்று அன்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட்டது எனக்கே தெரிந்தது.

அவர் என்னை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை, பலகை பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெறும் பலகை மேல் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார்.

“போனாத்தான் போகட்டுமே மாப்பிள்ளை. இந்த வேட்டி தாங்கும்.”